மிக்குரா தீவுக்கு இரவுக் கப்பல்: ஓங்கில்களோடு நீந்தப் போகிறவர்களுக்கு

டோக்கியோவின் தக்கெஷிபா துறையிலிருந்து இரவு 10.30 மணிக்குக் கிளம்பும் கப்பல், மறுநாள் விடியற்காலை 6 மணி வாக்கில் மிக்குரா தீவை அடையும். அங்கே துறையில் அணைந்துவிட்டால், அன்று காலையே சிறு படகில் ஏறி, தீவைச் சுற்றித் தன்போக்கில் திரியும் ஓங்கில்களுக்கு (டால்பின்களுக்கு) நடுவே மாஸ்க்கும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இறங்கலாம். அணைந்துவிட்டால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கப்பல் தீவில் நிற்குமா என்பதைக் கடல்தான் சொல்லும். தண்ணீருக்குள் ஓங்கில் உங்கள் பக்கத்தில் நிற்குமா என்பதை ஓங்கில்தான் சொல்லும். இரண்டுக்கும் நாம் செய்யக்கூடிய ஆயத்தங்கள் நிறைய உண்டு. அவற்றைச் செய்யாமல் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

தீவும் ஓங்கிலும்

மிக்குரா, இஸு தீவுகளில் ஒன்று. டோக்கியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கி.மீ. தூரம். நிர்வாகத்தில் அது டோக்கியோ மாநகரத்தைச் சேர்ந்தது. ஆகவே ஜப்பான் விசா போதும், தனி அனுமதி எதுவும் வேண்டாம். பரப்பு சுமார் 20 சதுர கி.மீ., மக்கள் 300 பேர் அளவு, நடுவில் 851 மீட்டர் உயர ஓயாமா மலை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற தீவு. மணற்கரை கிடையாது, குடா கிடையாது. செங்குத்தான பாறை நேரே கடலுக்குள் இறங்குகிறது. இந்த அமைப்பே ஓங்கில்கள் கரையை ஒட்டி வாழ வசதி செய்து தருகிறது, கப்பல் அணைவதைக் கடினமாக்குவதும் இதுதான்.

இங்கிருப்பது இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு ஓங்கில். நம் மன்னார் வளைகுடாவில் காணும் அதே இனம். வளர்ந்தது இரண்டரை மீட்டர் வரை இருக்கும். வயது ஏற ஏற வயிற்றில் கரும்புள்ளிகள் கூடும். நூற்றுக்கும் மேற்பட்டவை ஆண்டு முழுவதும் இந்தத் தீவைச் சுற்றியே வாழ்கின்றன. 1994 முதல் நீருக்கடியில் படம் பிடித்து, முதுகுத் துடுப்பின் வெட்டையும் உடல் தழும்பையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறார்கள். யாரும் இரை போட்டுப் பழக்கியவை அல்ல. அருகே வந்தால் அது அவற்றின் விருப்பம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் விதிகள் எல்லாம் தாமாகவே புரியும்.

எந்த மாதம்

படகுகள் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஓடும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, நம் கரையோரத்தில் கச்சான் என்பார்களே அந்தத் திசைக் காற்று, துறையை நேராகத் தாக்குவதால் கப்பல் நாள்கணக்கில் நிற்காமல் போகும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஜூலை முதல் பாதி நல்லது. தண்ணீர் சூடேறியிருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. ஆகஸ்டில் இடம் கிடைப்பது கடினம். செப்டம்பரில் கடல் இதமாக இருந்தாலும் புயல் காலம் அது. புயல் ஆயிரம் கி.மீ. தள்ளி இருக்கும்போதே அதன் நெடிய அலைகள் தீவுக்கு வந்துவிடும். வானம் நீலமாக, காற்று அசையாமல் இருக்கும்போதும் கப்பல் திரும்பிப் போவதற்கு இதுதான் காரணம். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர்க் கடலுக்குப் பழகிய உடலுக்கு அது நிஜமான குளிர்.

பதிவு: எதை முதலில், எதைக் கடைசியில்

பலர் கப்பல் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு தங்குமிடம் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். தீவில் இருப்பவை சில சிறு விடுதிகள்தான். பதிவு இல்லாமல் வந்து இறங்கக் கூடாது, கூடாரம் அடித்துத் தங்கவும் அனுமதி இல்லை. ஆகவே முதலில் விடுதி, அத்துடனேயே படகு (பல விடுதிகள் படகையும் சேர்த்தே ஏற்பாடு செய்யும்), அதன்பின் கப்பல். கப்பலை ஓட்டுவது டோக்காய் கிஸென் நிறுவனம். பயண நாளுக்கு இரண்டு மாதம் முன்பு பதிவு திறக்கும். கட்டணம் எரிபொருள் விலையை ஒட்டி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பதிவு செய்யும் அன்றைய விலையைப் பாருங்கள்.

காலையில் இறங்கி, ஒரு முறை படகில் போய்விட்டு, அதே நாள் மதியக் கப்பலில் திரும்புவதும் முடியும். புதியவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கப்பலில் தூங்காத உடம்போடு, அறியாத கடலில், ஒரே ஒரு வாய்ப்பு என்ற பதற்றத்தோடு இறங்குவீர்கள். தீவில் இரண்டு இரவு வைத்துக்கொண்டால் மூன்று முறை படகேற இடம் இருக்கும். அதோடு டோக்கியோவில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். தீவிலிருந்து இறங்கும் நாளுக்கு மறுநாளே ஊருக்கு விமானம் பிடிப்பது ஆபத்தான திட்டம்.

விடுதியும் படகும் உங்களிடம் உயரம், எடை, பாத நீளம் கேட்கும். ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில்தான். நம் ஊர் 8, 9 எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. தரையில் நின்று, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்து எழுதுங்கள். நீந்தத் தெரியுமா, எத்தனை மீட்டர் மூழ்குவீர்கள் என்றும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் யாரை எந்த வழிகாட்டியோடு விடுவது என்று முடிவு செய்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவின்போதே எழுதிவிட வேண்டும். சைவம் என்ற ஒரு சொல் போதாது. மீன், மீன் துண்டு போட்டுக் காய்ச்சிய சாறு, முட்டை என எது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். மிசோ சூப் அனேகமாக மீன் சாற்றில்தான் கொதிக்கும். அஷிதாபா என்ற கீரையைப் பொரித்துத் தருவார்கள், அது அருமை. தீவில் கடைகள் இரண்டொன்றுதான், இரவில் திறந்திருக்காது. டோக்கியோவிலேயே இரண்டு வேளைக்கான உணவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமும் எடுத்துப் போங்கள், அட்டையை நம்பிப் போக வேண்டாம்.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மிக்குராவில் ஸ்கூபா உருளையோடு (முதுகில் கட்டும் காற்று உருளை) ஓங்கில்களிடம் போக அனுமதி இல்லை. மேலே மிதப்பதும், ஒரு மூச்சில் மூழ்கி எழுவதும் மட்டுமே. இறங்கும் இடம் திறந்த கடல். காலூன்ற இடமில்லை, பிடித்துக்கொள்ளச் சுவரில்லை. படகும் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். குறைந்தது இரண்டு மாதம் நீச்சல்குளத்தில் பழகுங்கள். ஃபின் (காலில் அணியும் துடுப்பு) மாட்டி 300 மீட்டர் நிற்காமல் போவதும், சுவரைத் தொடாமல் 20 நிமிடம் ஸ்நார்க்கலில் மூச்சு விட்டபடி மிதப்பதும் வந்தால் கடலுக்குப் போகலாம்.

முதலில் மாஸ்க். கடையில் அதை முகத்தில் வைத்து, வாரை மாட்டாமல், மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்கடியில் தண்ணீர் கசியும். மூக்கை ஒட்டிய மேல்வரிசை மயிரை மட்டும் அரை சென்டிமீட்டர் மழித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வாஸலின் தடவாதீர்கள், அது சிலிக்கானைக் கெடுக்கும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையை விரலில் எடுத்து உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மூன்று நான்கு முறை. செய்யாவிட்டால் எந்த மருந்து போட்டாலும் பனிமூட்டம் போல மறைக்கும். கண்ணாடி அணிகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் வாங்குங்கள், அல்லது தினமும் தூக்கிப்போடும் மென்மையான லென்ஸ் போடுங்கள்.

மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால்: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். ஸ்நார்க்கலில் புகுந்தால், 'தூ' என்று ஒரே அடியாக ஊதுங்கள். அடுத்த மூச்சை மெதுவாக இழுங்கள், மிச்சமிருக்கும் துளி தொண்டைக்குள் போகாமல் இருக்கும். இவ்விரண்டும் யோசிக்காமல் வர வேண்டும். கடலில் பெரும்பாலான பதற்றங்கள் மாஸ்க்கில் புகுந்த ஒரு கை நீரில்தான் தொடங்குகின்றன.

ஃபின் உதைப்பு இடுப்பிலிருந்து வர வேண்டும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதித்தால் நுரைதான் வரும், நகர்வு வராது.

மூழ்குவது இப்படி: மேலே அசையாமல் மிதந்து, மூச்சைச் சீராக்கி, ஒரு முழு மூச்சு எடுத்து, ஸ்நார்க்கலை வாயிலிருந்து எடுங்கள். இடுப்பிலிருந்து உடம்பைச் செங்கோணமாக மடித்துத் தலையைக் கீழே செலுத்தி, உடனே கால்கள் இரண்டையும் வானத்தை நோக்கித் தூக்குங்கள். கால்களின் எடையே உங்களை இறக்கும். ஃபின் முழுதும் நீருக்குள் போன பிறகுதான் முதல் உதை. அவசரப்பட்டு மேற்பரப்பில் உதைத்தால் சத்தம் எழும், மூச்சு வீணாகும், உடம்பு இறங்காது.

காது அடைப்பை ஒரு மீட்டரிலேயே எடுக்கத் தொடங்குங்கள். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது, அல்லது விழுங்குவது. வலி வரும்வரை காத்திருந்தால் காதுக்குழாய் அடைத்துக்கொண்டுவிடும், பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் விகிதத்தில் பார்த்தால் பெரிய மாற்றம் முதல் சில மீட்டரிலேயே நிகழ்கிறது. வலித்தால் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் மூழ்கவே வேண்டாம், மிதந்து பாருங்கள். மூக்கடைப்புக்காக ஊரிலிருந்து மாத்திரை கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோவது குற்றம். அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டு எடுத்து வையுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மூழ்குவதற்குமுன் வேகவேகமாகப் பல மூச்சு இழுத்து விடாதீர்கள். நமக்கு மூச்சுமுட்டல் தோன்றுவது பிராணவாயு குறைவதால் அல்ல, கரியமிலவாயு சேர்வதால். வேகமூச்சு கரியமிலவாயுவைத் துரத்திவிடும். அப்புறம் எச்சரிக்கையே வராமல், மேலே ஏறும் கடைசி மீட்டர்களில் நினைவு தப்பும். ஒருவர் மூழ்கும்போது மற்றொருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் எழுந்து முழுதாக மூச்சு விடும்வரை. குளத்திலும் இதே விதிதான்.

மூழ்க வரவில்லையா? மிதப்பது மட்டும் வந்தால்கூடப் போகலாம். ஓங்கில் மூச்சுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். அசையாமல் மிதப்பவரின் பக்கத்தில் அது எழுவது உண்டு.

மூட்டையில்

வெட்சூட் (நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை 3 மி.மீ., மற்ற மாதங்களில் 5 மி.மீ. முழு உடலையும் மூட வேண்டும், இழுதுமீன் (ஜெல்லிமீன்) கொட்டுவதிலிருந்தும் அது காக்கும். 5 மி.மீ. உடை உங்களை மேலே தூக்கும் என்பதால் மூழ்கத் தெரிந்தவர்கள் எடைப் பட்டை கட்டுவார்கள். எவ்வளவு என்பதற்குச் சோதனை: மேற்பரப்பில் அசையாமல் நின்று, மூச்சை வெளியே விட்ட பிறகும் மிதக்க வேண்டும். அமிழ்ந்தால் எடை அதிகம், கழற்றுங்கள். முதல் நாள் எடையே இல்லாமல் இறங்குவது நல்லது.

இவை தவிர: ஃபின் கடியைத் தடுக்க நியோப்ரீன் காலுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை, பெரிய துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், நனைந்த துணிக்குத் தடித்த பை, கழுத்திலும் காதுமடலிலும் பூச வெயில் களிம்பு (நெற்றியில் வேண்டாம், கண்ணில் வழியும்). எல்லாவற்றையும் முதுகில் போடும் ஒரே பையில் அடக்குங்கள். தீவில் துறையிலிருந்து ஊருக்கு ஏற்றம் செங்குத்து, சக்கரப் பெட்டி அங்கே சுமைதான்.

கப்பலில் அந்த இரவு

தக்கெஷிபா துறை, யூரிகமோமே ரயிலின் தக்கெஷிபா நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஹமமட்சுசோ நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடத்துக்குள். ஹனேடா விமான நிலையத்து மோனோரயில் அங்கேதான் வந்து முடியும். இரவு 9 மணிக்குள் போய்விடுங்கள். பயணச்சீட்டில் பெயர், முகவரி, தொடர்பு எண் எழுதித் தர வேண்டும். வேறு தீவுகளுக்குப் போகும் கப்பலும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே துறையிலிருந்து கிளம்பும் நாள்கள் உண்டு. நீங்கள் ஏற வேண்டியது மியாக்கே, மிக்குரா, ஹச்சிஜோ தீவுகளுக்கான வழித்தடம். வழக்கமாக ஓடுவது 2014இல் வந்த தச்சிபானா மாரு, மஞ்சள் உடம்புக் கப்பல்.

இரண்டாம் வகுப்பில் தரைவிரிப்பு போட்ட கூடம். எண் எழுதிய இடம்தான் உங்கள் படுக்கை. போர்வை சிறு வாடகைக்குக் கிடைக்கும். நம் ரயிலில் படுத்துப் பழகியவர்களுக்கு அது போதும். ஆனால் மறுநாள் கடலில் இறங்கப் போகிறவர்களுக்கு திரை போட்ட அடுக்குக் கட்டில் உள்ள வகுப்பையே சொல்லுவோம். கூடுதல் பணம் தூக்கமாகத் திரும்பி வரும். தனியாகப் போகும் பெண்கள், பெண்களுக்கு மட்டுமான பகுதியைப் பதிவின்போதே கேளுங்கள்.

கிளம்பியதும் எல்லோரும் மேல்தளத்துக்குப் போவார்கள், ரெயின்போ பாலத்தின் அடியில் கப்பல் நுழைவதைப் பார்க்க. பாருங்கள், அழகான காட்சி. பார்த்ததும் இறங்கி வந்து குமட்டல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். டோக்கியோ விரிகுடாவுக்குள் கப்பல் அசையவே அசையாது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றும். நள்ளிரவுக்குப் பின் வெளிக்கடலில் புரளத் தொடங்கும்போது மாத்திரை போட்டால் வயிறு அதை வைத்துக்கொள்ளாது. ஜப்பானிய மருந்துக்கடையில் 'அனெரோன்', 'டிராவெல்மின்' என்று கேட்டால் தருவார்கள். தூக்கம் வரவழைக்கும் மருந்துகள் இவை. அதனால் புது மருந்தை ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள், காலையில் எவ்வளவு மந்தமாக இருக்கிறது என்று தெரியும். கப்பலில் பீர் விற்கும் இயந்திரம் இருக்கிறது. அன்றிரவு அதைத் தொடாதீர்கள். மது உடலில் நீரைக் குறைக்கும், காலையில் கால் பிடித்துக்கொள்ளும்.

விடியற்காலை 5 மணி வாக்கில் விளக்கு எரிந்து அறிவிப்பு வரும். அது மியாக்கே தீவு. இறங்கிவிடாதீர்கள். அடுத்ததுதான் மிக்குரா.

நிற்குமா, நிற்காதா

கிளம்பும் அன்று பகலில் கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பில் மிக்குராவுக்கு எதிரே 'ஜோக்கென்-ட்சுகி' என்று இருக்கக்கூடும். நிபந்தனையோடு கிளம்புகிறோம் என்று பொருள். அலை இடம் கொடுத்தால் அணைவோம், இல்லாவிட்டால் உங்களைச் சுமந்துகொண்டே ஹச்சிஜோ வரை போவோம் என்கிறார்கள். ஹச்சிஜோவில் திரும்பும் கப்பல் மதியம் 12.30ஐ ஒட்டி மறுபடி மிக்குரா பக்கம் வரும், மீண்டும் ஒரு முயற்சி. அதுவும் முடியாவிட்டால் அன்று மாலை டோக்கியோ. நிபந்தனையோடு கிளம்பும் நாளில், திரும்ப நேர்ந்தால் டிக்கெட் பணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஏறுமுன் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்படி ஆனால் மூன்று வழி. ஒன்று, விடுதிக்கு உடனே தெரிவித்துவிட்டு மதிய முயற்சிக்குக் காத்திருப்பது. இரண்டு, தீவுகளுக்கிடையே ஓடும் ஹெலிகாப்டர். 9 பேர்தான் ஏறலாம், கட்டணமில்லாச் சுமை 5 கிலோ, கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அபூர்வம். மூன்றாவது வழி திட்டமிடும்போதே யோசிக்க வேண்டியது: மியாக்கேவில் தங்குவது. அங்கே காற்றின் திசைக்கேற்பத் துறையை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் கப்பல் நிற்கும் நாள்கள் அதிகம். டோக்கியோவின் சோஃபு விமான நிலையத்திலிருந்து சிறு விமானமும் உண்டு. மியாக்கேவிலிருந்து படகுகள் சுமார் 20 கி.மீ. கடந்து மிக்குராவின் ஓங்கில்களிடம் வருகின்றன. அந்த ஒரு மணி நேரக் குலுக்கலைத் தாங்கும் வயிறு மட்டும் வேண்டும். பயண நாள்களை மாற்றவே முடியாதவர்களுக்கு மியாக்கேதான் சரி.

படகிலும் தண்ணீரிலும்

இறங்கியதும் விடுதி ஆள் துறையில் பெயர்ப் பலகையோடு நிற்பார். காலை உணவைப் பாதி வயிற்றோடு நிறுத்துங்கள். வெறும் வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். உடையை விடுதியிலேயே மாட்டிக்கொண்டு போவது வழக்கம்.

படகு ஒன்றில் பத்துப் பேர் அளவு, ஓட்டுநர், வழிகாட்டி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தீவின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும்போது எல்லோரும் முதுகுத் துடுப்பைத் தேடுங்கள். கண்டால் கத்தாமல் கை காட்டுங்கள். ஓட்டுநர் ஓங்கில்களைத் துரத்துவதில்லை. அவை போகும் திசையைக் கணித்து, முன்னால் போய் எஞ்சினைத் தணிப்பார். அதற்குள் நீங்கள் மாஸ்க்கும் ஃபின்னும் மாட்டிப் படகின் விளிம்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் வாரைத் தேடிக்கொண்டிருந்தால் அத்தனை பேருக்கும் அந்த வாய்ப்பு போய்விடும். சைகை வந்ததும் வழுக்கி இறங்குங்கள். குதிக்காதீர்கள். அடியில் ஓங்கில் இருக்கலாம், இன்னொரு மனிதரும் இருக்கலாம்.

இறங்கியவுடன் தலையை நீருக்குள் வைத்துப் பாருங்கள். புதியவர்கள் தலையை வெளியே நீட்டி "எங்கே, எங்கே?" என்று தேடுவார்கள். அந்த நேரத்தில் ஆறு ஓங்கில்கள் அவர்கள் காலடியில் கடந்து போயிருக்கும். கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். கை நீட்டினால் அது தொட வருவதாகவே தெரியும். அவை சட்டென்று திரும்பிவிடும்.

அவை வந்தால் அவற்றை நோக்கி நேரே போகாமல், அவை போகும் திசைக்கு இணையாக, பக்கவாட்டில், அதே வேகத்தில் நீந்துங்கள். வழியை மறிக்காதீர்கள். ஒன்று உங்களைப் பார்த்து மெல்லச் சுற்றத் தொடங்கினால் நீங்களும் கண்ணைப் பார்த்துச் சுற்றுங்கள். மூழ்கத் தெரிந்தவர்கள் அதன் மேல் நேராக இறங்காமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இறங்குங்கள். எழும்போது மேலே பார்த்தபடி எழுங்கள். அது மூச்செடுக்க எழும் பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஒன்றோடொன்று மார்புத் துடுப்பால் தடவிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். இந்தத் தீவின் ஓங்கில்களிடம் ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்த பழக்கம் அது, உறவைப் பேணும் வழி. அப்போது நடுவே நுழையாதீர்கள். அடியை ஒட்டி, நெருங்கி, மெதுவாக, நேர்கோட்டில் ஒரு கூட்டம் போனால் அது தூக்கம். மூளையின் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்கும் தூக்கம். மேலே அசையாமல் மிதந்து பாருங்கள், மூழ்காதீர்கள். குட்டியோடு தாய் வந்தால் இருவருக்கும் இடையே எந்த நிலையிலும் போகாதீர்கள். தாடையை ஓசையெழ அடித்தாலும், வாலால் நீரை அறைந்தாலும், திடீரென்று உங்களை நோக்கித் தலையை ஆட்டினாலும் போதும் என்று சொல்கிறது. பின்வாங்குங்கள்.

தொடக் கூடாது, இரை போடக் கூடாது, துரத்தக் கூடாது. விலகிப் போகிற ஓங்கிலின் பின்னால் மூன்று உதைக்கு மேல் போகாதீர்கள். எவ்வளவு வேகமாக நீந்துபவரும் அதன் ஒரு வாலடிக்கு ஈடில்லை. நீங்கள் துரத்தினால் அது போவது மட்டுமல்ல, அன்று அந்தக் கூட்டம் அடுத்த படகையும் தவிர்க்கும். பத்துப் பேரில் ஒருவர் துரத்தினாலும் பத்துப் பேருக்கும் முடிந்தது.

கேமரா பற்றி: முதல் முறை இறங்கும்போது அதைப் படகிலேயே வையுங்கள். திரையைப் பார்த்து நீந்துபவர் ஆள் மீது மோதுகிறார், நீவாட்டில் (நீரோட்டத்தில்) தள்ளிப் போகிறார், குமட்டலும் சீக்கிரம் வருகிறது. இரண்டாம் முறை மணிக்கட்டு வாரோடு எடுத்துப் போங்கள்.

கூட்டம் கடந்ததும் குழு ஓரிடத்தில் சேர்ந்து நில்லுங்கள். படகு உங்களிடம் வரும், நீங்கள் படகிடம் போக வேண்டாம். எஞ்சின் நின்றது என்று ஓட்டுநர் சைகை காட்டும்வரை படகின் பின்பக்கம் நெருங்காதீர்கள். ஏணியில் ஒருவர் ஏறும்போது அடுத்தவர் அதற்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தலைக்கு மேல் கையை வட்டமாக வைத்தால் 'நலம்', கையை உயர்த்தி அசைத்தால் 'உதவி'. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மிதந்தபடியே ஃபின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து முழங்காலை நீட்டுங்கள், அரை நிமிடத்தில் விடும். இடைவெளியில் மேலாடை போர்த்தித் தண்ணீர் குடியுங்கள். மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். நெற்றியில் ஏற்றினால் வியர்வை பட்டுக் கண்ணாடி மங்கும். குளிரில் உடம்பு நடுங்க ஆரம்பித்தால் அடுத்த முறை இறங்காமல் உட்கார்ந்துவிடுங்கள். சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிச்ச நேரம், திரும்பும் கப்பல்

படகுக்குப் போகாத பொழுதில் காட்டைப் பாருங்கள். ஆனால் பல பாதைகளில் பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழையக் கூடாது. 2004 முதல் டோக்கியோ அரசும் ஊரும் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. காட்டுத் தரையில் கோடுபோட்ட நீர்க்கத்தரி (ஷியர்வாட்டர்) என்ற கடற்பறவைகளின் கூட்டு வளைகள் இருக்கின்றன. உலகிலேயே அந்தப் பறவை பெருங்கூட்டமாக அடைகாக்கும் இடங்களில் ஒன்று மிக்குரா. காட்டில் திரியும் பூனைகளால் 1970களில் இருந்ததைவிட அவை பெரிதும் குறைந்துவிட்டன. பாதையை விட்டு விலகிக் கால் வைத்தால் வளை இடியும்.

கிளம்பும் நாள் காலை முதலே கப்பல் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருங்கள். ஊர் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், விடுதியிலும் சொல்வார்கள். காலையில் வந்த கப்பல் நின்றது என்பதால் மதியமும் நிற்கும் என்று எண்ண வேண்டாம். நிற்காவிட்டால் இன்னொரு இரவுக்கு விடுதியில் முதலில் சொல்லுங்கள், பிறகு மறுநாள் டிக்கெட்டை மாற்றுங்கள். வெட்சூட்டையும் மாஸ்க்கையும் நல்ல தண்ணீரில் அலசி, வெட்சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காற்றில் உலர்த்தி மூட்டை கட்டுங்கள். ஸ்கூபா இல்லை என்பதால் விமானம் ஏற ஒரு நாள் காத்திருக்கும் விதி உங்களுக்குப் பொருந்தாது.

கப்பல் கிளம்பியதும் உடனே உள்ளே போய்ப் படுக்காதீர்கள். மியாக்கே வரும்வரை மேல்தளத்தில் நில்லுங்கள். நீர்க்கத்தரிகள் சிறகை அடிக்காமல் அலையின் முகட்டை ஒட்டிக் கூடவே வரும். துறையை விட்டு விலகும் முதல் அரைமணியில் தீவின் பக்கமாகக் கண் வைத்திருங்கள். பாறையோரத்தில் முதுகுத் துடுப்புகள் எழுந்து அமிழ்வது அங்கிருந்து தெரியக்கூடும். இரவு 8 மணிக்குச் சற்று முன் தக்கெஷிபா வந்துவிடும்.